கல்லில் நீதி வரைந்த காவலர்: அசோக சக்கரவர்த்தியின் வாழ்க்கை

சித்திரதுர்க்கம் மாவட்டத்தின் வடகோடியில், மொளகால்மூரு வட்டத்தில், பிரம்மகிரி என்னும் குன்று ஒன்று உள்ளது. அதன் அடிவாரப் பாறையில் ஏறக்குறைய 2,250 ஆண்டுகட்கு முன்னர்ச் சபடர் என்னும் எழுத்தர் ஓர் அரசாணையை எழுதி முடித்தார். ஆணை முழுவதையும் பிராமி எழுத்தில் வரைந்த அவர், இறுதியில் தம் பெயரைப் பொறித்து, எழுத்தர் என்னும் தம் தொழிற்பெயரை மட்டும் வலப்புறமிருந்து இடப்புறமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்தில் வரைந்து வைத்தார். கரோஷ்டியோ காந்தார நாட்டு எழுத்து. வடமேற்கு எல்லையில் வழங்கிய எழுத்தை அறிந்த ஒருவர், கன்னட நாட்டுப் பாறை முன் நின்று பணி புரிந்தார் என்றால், அவரை அனுப்பிய ஆட்சியின் பரப்பை நாம் ஒருவாறு உணரலாம். அவ்வாட்சிக்கு உரியவரே அசோக சக்கரவர்த்தி.

அசோகரைப் பற்றி நம்மவர் அறிந்தவை பெரும்பாலும் கதைகளே. கலிங்கப் போர், மனமாற்றம், போதி மரக்கிளை இலங்கை சென்றமை ஆகியவற்றைச் சிறுவரும் அறிவர். ஆயினும், அவர் எத்தகைய சட்டத்தை நாட்டிற்கு அளித்தார், அச்சட்டம் எவ்வகை மக்கள் மீது செலுத்தப்பட்டது என்பனவற்றை ஆராய்ந்தோர் சிலரே. பிறப்பினால் தண்டனையும் மாறுபடும் என்று கூறிய நூல்கள் கோலோச்சிய நாட்டில் பிறந்த நமக்கு, அவர் வாழ்க்கையின் இப்பகுதியே முதன்மையாக அறியத்தக்கது.

அசோகர், மௌரிய அரசை நிறுவிய சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். இளமையில் உஜ்ஜயினியில் அரசப் பிரதிநிதியாக இருந்தார் என்றும், அங்குச் செல்லும் வழியில் விதிசை நகரத்து வணிகர் மகளாகிய தேவியை மணந்தார் என்றும், மகிந்தரும் சங்கமித்திரையும் அவ்வம்மையாருக்குப் பிறந்தோர் என்றும் இலங்கை வரலாற்று நூல்கள் உரைக்கும். தந்தை இறந்தபின் அரியணைப் போட்டி நிகழ்ந்திருத்தல் வேண்டும். கி.மு. 268-ஐ ஒட்டி அவர் ஆட்சி தொடங்கிற்று என்பது பொதுவான கணக்கு. ஆட்சியைக் கைப்பற்றியதற்கும் முடிசூட்டிக் கொண்டதற்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன என்பது இலங்கை நூல்களின் கூற்று. உடன்பிறந்தோர் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்றார் என்னும் கதையும் அந்நூல்களில் உண்டு. ஆனால் அரசரது கல்வெட்டே தம் உடன்பிறந்த ஆடவர், மகளிர் ஆகியோரின் இல்லங்களைப் பற்றிப் பேசுகின்றது. ஆதலின் அக்கதையை அப்படியே ஏற்றல் இயலாது. மனம் மாறுவதற்கு முன்னர் அவர் எத்துணைக் கொடியவர் என்று காட்டினால் தருமத்தின் பெருமை மிகும் என்று பிற்காலத்தார் கருதினர் போலும்.

கலிங்கத்தைப் பற்றி மிகைப்படுத்துவதற்கு இடமே இல்லை. அரசரே கணக்குக் கொடுத்துவிட்டார். முடிசூடி எட்டு ஆண்டுகள் சென்றபின் நிகழ்ந்த அப்போரில் சிறை பிடித்து நாடு கடத்தப்பட்டோர் ஒன்றரை லட்சம். களத்தில் மடிந்தோர் ஒரு லட்சம். பின்னர் மாண்டோர் அதனினும் பன்மடங்கினர். வென்ற அரசன் தான் கொன்றோரின் தொகையைத் தானே கல்லில் வெட்டி, அதற்காக வருந்துவதாகவும் எழுதுவித்தல் பண்டை உலகில் காண்டற்கரிய செயல். ஆயினும் இங்கே ஒன்றை மறைத்தல் கூடாது. அவ்வருத்தத்தைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம், கலிங்கத்தில் உள்ள தௌலி, ஜௌகட என்னும் இரண்டிடங்களிலும் பொறிக்கப்படவில்லை. புண்பட்ட மக்களின் கண்முன்னே அக்கணக்கை வைக்க அரசர் விரும்பவில்லை. அதற்கு மாறாக, அந்நாட்டு அதிகாரிகளுக்கெனத் தனியே இரண்டு ஆணைகளை அங்கே வெட்டுவித்தார். இது நாணமோ அரசியல் முன்னெச்சரிக்கையோ, படிப்போர் தாமே தீர்மானித்துக் கொள்ளலாம். எனக்கு இரண்டும் கலந்ததாகவே தோன்றுகின்றது.

மனமாற்றமும் ஒரே நாளில் வந்ததன்று. பிரம்மகிரிப் பாறையில் உள்ள ஆணையில் அவர் தம்மைப் பற்றியே உரைக்கின்றார்: உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயின, அவற்றுள் ஓராண்டுக் காலம் தாம் போதிய முயற்சி செய்யவில்லை, சங்கத்தை அணுகிய பின்னரே, ஓராண்டுக்கு மேலாக, ஊக்கத்துடன் முயன்று வருகின்றார். திரிசரணம் ஏற்ற பின்னரும் சிறிது காலம் சோர்ந்திருந்ததாகச் சக்கரவர்த்தியே ஒப்புக்கொண்டிருப்பது, நம்மில் பலருக்கு ஆறுதல் அளிக்கும் செய்தி. அவ்வாணையில் மற்றொரு கருத்தும் உண்டு. இம்முயற்சியின் பயன் பெரியோர்க்கு மட்டும் உரியதன்று. எளியவனும் முயன்றால் பெருநிலையை எய்தலாம் என்பது அது. உயர் பிறப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இனி, அவர் சட்டத்தை நோக்குவோம். நாட்டுப்புறங்களில் பல லட்சம் மக்கள்மீது அதிகாரம் பெற்றிருந்தோர் ராஜுகர் என்னும் அதிகாரிகள். கயிறு பிடித்து நிலம் அளந்தோர் என்பதனால் அப்பெயர் வந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். முடிசூடி இருபத்தாறு ஆண்டுகள் ஆனபோது அசோகர் இவர்களுக்கு வழக்கு விசாரணையிலும் தண்டனையிலும் தனியுரிமை வழங்கினார். அவ்வுரிமையோடு ஒரு நிபந்தனையையும் விதித்தார்: விசாரணை முறையில் சமநிலை வேண்டும், தண்டனையிலும் சமநிலை வேண்டும். குழந்தையைத் தேர்ந்த செவிலியிடம் ஒப்படைத்த தாய் அமைதியுற்றிருப்பதுபோல், மக்களை ராஜுகரிடம் ஒப்படைத்துத் தாம் அமைதி பெற விரும்புவதாகவும் அவர் விளக்கினார். மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருப்போர்க்கு மூன்று நாள் தவணை அளித்தார். அந்நாட்களில் சுற்றத்தார் உயிருக்காக மன்றாடலாம். மன்றாடுவோர் இல்லாதவன் தானமும் உபவாசமும் செய்து மறுமைக்கு ஆயத்தமாகலாம்.

தண்டனையில் சமநிலை என்பது இன்று நமக்கு எளிய சொல்லாகத் தோன்றும். ஆயின் நம் நாட்டு நீதி நூல்கள் சென்ற வழி யாது? அசோகருக்குப் பிற்பட்டதாகிய மனு நூலில், பிராமணனை இகழ்ந்த க்ஷத்திரியனுக்கு அபராதம் நூறு பணம். வைசியனுக்கு நூற்றைம்பது அல்லது இருநூறு. சூத்திரனுக்கோ உடலில் தண்டனை. பிராமணன் பிறரை இகழ்ந்தாலோ, க்ஷத்திரியனுக்காக ஐம்பது, வைசியனுக்காக இருபத்தைந்து, சூத்திரனுக்காகப் பன்னிரண்டு. குற்றம் ஒன்றே, விலை மட்டும் பிறப்பை நோக்கி ஏறி இறங்குகின்றது. கௌடில்யர் பெயரால் வழங்கும் அர்த்த சாத்திரத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மகாத் நகரில் டாக்டர் அம்பேத்கர் முன்னின்று மனு நூலை எரித்தபோது அவர் எரித்தது இந்தக் கணக்கையேயாகும். அசோகர் தம் ஆணையில் வருணம் என்னும் சொல்லை எடுத்து மறுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வழக்கையும் தண்டனையையும் அளக்கும் கோலாக அவர் வருணத்தை எங்கும் வைக்கவில்லை, சமநிலையையே வைத்தார்.

பௌத்த நாட்டில் இத்தகைய வேற்றுமை இராது என்று நாம் எளிதில் நம்பிவிடலாகாது. ஜப்பான் நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே போர்வீரர் ஆட்சி நிலைபெற்ற பின், 1232-ஆம் ஆண்டில், காமகுராவில் ஹோஜோ யசுதோகி என்னும் தலைவர் 51 விதிகள் கொண்ட சட்டம் ஒன்றை இயற்றினார். அதன் இரண்டாம் விதியே பௌத்த ஆலயங்களைப் பேணுவது பற்றியது. பெண்கள் தத்தெடுக்கும் உரிமையை ஏற்றுக்கொண்டமை போன்ற நற்கூறுகளும் அதில் உண்டு. எனினும் பொய்ப் பத்திரம் எழுதிய வீரனுக்கு நிலத்தைப் பறித்தலும், நிலமில்லையேல் நாடு கடத்தலும் தண்டனை. அதே குற்றம் செய்த எளிய குடியானவனுக்கோ முகத்தில் சூடு. அடிமைகளுக்குப் பிறந்த குழந்தைகளுள் ஆணைத் தந்தையின் ஆண்டானுக்கும், பெண்ணைத் தாயின் ஆண்டானுக்கும் பங்கிட்டுக் கொடுத்ததும் அச்சட்டமே. பின்னர்க் குறுநிலப் படைத்தலைவர் தத்தம் நாட்டிற்குத் தனித்தனிச் சட்டம் செய்தனர். 1526-ஆம் ஆண்டில் இமகவா உஜிச்சிகா என்னும் தலைவர் வகுத்த சட்டம், சண்டையிட்ட இருவரையும், நியாயம் எவர் பக்கம் என்று நோக்காமலே, கொல்லுமாறு விதித்தது. இதுவும் ஒருவகைச் சமநிலைதான். விசாரணை இல்லாத சமநிலை. அசோகர் விசாரணையையும் தண்டனையையும் சேர்த்தே கூறியதன் அருமை இங்கே விளங்கும்.

அதற்கும் பின்வந்த டோக்குகாவா ஆட்சியில் வீரர், குடியானவர், நகரத்தார் என்று மக்கள் பிறப்பால் பிரிக்கப்பட்டனர். தோல் பதனிடுவோரும் செத்த மாட்டை அகற்றுவோரும் இவர்கள் எல்லாருக்கும் வெளியே தனிச் சேரிகளில் ஒதுக்கப்பட்டனர். தமிழ்நாட்டுச் சேரியை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவர்தம் இழிபெயரைச் சட்டத்திலிருந்து நீக்கும் ஆணை 1871-இல்தான் பிறந்தது. அந்நாட்டில் விகாரைகளுக்கோ பிக்ஷுக்களுக்கோ குறைவில்லை. குறைந்தது சட்டத்தில் சமநிலை.

மீண்டும் அசோகரிடம் வருவோம். ஆணை பிறப்பித்தல் எளிது. அதனை நடத்துவோர் மனிதரன்றோ. அசோகர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். கலிங்கத்து நகர நீதிபதிகளுக்கு எழுதிய தனி ஆணையில், காரணமின்றிச் சிறைப்படுவோரும் துன்புறுவோரும் உளர் என்று வெளிப்படையாகவே கூறுகின்றார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு ஆகியனவே நீதியைக் கெடுப்பவை என்று பட்டியலிடுகின்றார். இவற்றுள் களைப்பைச் சேர்த்திருப்பது வியப்பிற்குரியது. நீதிமன்ற வாயிலில் காத்து நின்று, மாலையில் சலித்துப்போன அதிகாரியின் முன் அழைக்கப்பட்டோர் அதன் பொருளை அறிவர். எல்லா மக்களும் தம் மக்களே என்னும் புகழ்பெற்ற கருத்தும் இவ்வாணையில்தான் உள்ளது. அதிகாரிகளைக் கண்காணிக்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை மென்மையான இயல்புடைய ஒருவரை அனுப்புவதாகவும், உஜ்ஜயினி, தட்சசீலம் ஆகிய இடங்களிலிருந்து மூன்றாண்டுக்கு மிகாமல் அனுப்பப்படுமென்றும் கூறி, திஷ்ய நட்சத்திர நாள்தோறும் இவ்வாணையை மக்கள் கேட்கப் படிக்குமாறும் பணித்தார்.

முடிசூடிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆனபோது தரும மஹாமாத்திரர் என்னும் புதிய அதிகாரிகளை நியமித்தார். பணியாட்கள், ஆண்டைகள், ஆதரவற்றோர், முதியோர் ஆகியோரின் நலத்தை நாடுவது அவர் கடமை. சிறையில் இருப்போருள் பிள்ளை குட்டி உடையோர், முதியோர் ஆகியோரின் விடுதலைக்கு உதவுவதும் அவர்தம் பணி. இருபத்தாறாம் ஆண்டு வரை இருபத்தைந்து முறை சிறையாளரை விடுவித்ததாக அரசர் கணக்குக் காட்டுகின்றார். உண்ணும்போதாயினும், அந்தப்புரத்திலாயினும், தோட்டத்திலாயினும் மக்கள் காரியத்தைத் தமக்கு உடனே தெரிவிக்கலாம் என்றும் ஆணையிட்டார்.

குறைகளையும் கூறுவோம். மரண தண்டனையை அவர் ஒழிக்கவில்லை. மூன்று நாள் தள்ளி வைத்தார், அவ்வளவே. அடிமைகளிடம் நன்முறையில் ஒழுகுவது தருமம் என்றார். அடிமை முறையை நீக்கினாரல்லர். கானகத்து மக்களைப் பொறுத்தருள விரும்புவதாகச் சொன்ன அதே மூச்சில், வருந்தினும் தமக்கு வலிமை உண்டு என்று அவர்களை எச்சரித்தார். கலிங்கத்திலிருந்து கடத்தப்பட்ட ஒன்றரை லட்சம் பேரை மீட்டுக் கொணர்ந்ததாக எந்தக் கல்லும் கூறவில்லை. உயிர்க்கொலையைக் குறைத்ததில் மட்டும் அவர் தம் இல்லத்திலிருந்தே தொடங்கினார்: அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கில் மடிந்த உயிர்கள், இரண்டு மயில்களும் ஒரு மானும் என்னும் அளவிற்குக் குறைந்தன, மான்கூட எல்லா நாளும் இல்லை, பின்னர் இம்மூன்றும் கொல்லப்படா என்று உறுதி கூறினார்.

சாதியைப் பற்றி அசோகரின் உள்ளம் யாது என்பதைக் கல்வெட்டுகள் நேரே பேசாவிடினும், அசோகாவதானம் என்னும் வடமொழி நூலில் ஒரு கதை உண்டு. அது அவர் காலத்திற்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது, வரலாறாகக் கொள்ளத்தக்கதன்று, ஆயினும் பண்டைய பௌத்தர் தம் அரசரை எவ்வாறு நினைவில் வைத்தனர் என்பதற்குச் சான்று. பிக்ஷுக்களைக் கண்ட இடத்தில் எல்லாம் அரசர் வீழ்ந்து வணங்குவதை யசஸ் என்னும் அமைச்சர் விரும்பவில்லை. சங்கத்தில் எல்லாச் சாதியாரும் உளர். முடிசூடிய தலை அவர்தம் அடியில் தாழலாமா என்பது அவர் தடை. அரசர் அப்போது விடை கூறவில்லை. சில நாள் கழித்து அமைச்சர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலங்கின் தலையைக் கொணர்ந்து விற்கவேண்டும் என்றும், யசஸ் மட்டும் இறந்த மனிதன் ஒருவனின் தலையை விற்கவேண்டும் என்றும் ஆணையிட்டார். விலங்குத் தலைகள் விலை போயின. மனிதத் தலையை இலவசமாகவும் எவரும் ஏற்கவில்லை. இத்தலை மட்டுந்தான் இழிந்ததோ, எல்லாத் தலையும் அத்தகையதோ என்று அரசர் வினவினார். எல்லாமே என்றார் அமைச்சர். எனது தலையுமா என்று அரசர் மேலும் கேட்டபோது அவர் நடுங்கினார். பின்னர் அஞ்ச வேண்டா என்று உறுதி பெற்று, ஆம் என்றார். விலையற்ற அத்தலையைத் தாழ்த்தி நான் புண்ணியம் தேடுவதை நீ தடுப்பானேன் என்பது அரசரின் முடிவு. மணம் பேசும்போதும் விருந்துக்கு அழைக்கும்போதும் சாதி பார்ப்பார் பார்க்கட்டும், தருமத்தில் அதற்கு இடமில்லை என்றும் அக்கதை அரசர் வாயிலாகக் கூறுகின்றது. மணத்திலும் விருந்திலும் மட்டும் ஏன் பார்க்கவேண்டும் என்று நாம் இன்று கேட்போம். அக்கேள்வியை அந்நூலாசிரியர் கேட்கவில்லை.

தென்னாட்டுடன் அவருக்கிருந்த தொடர்பு இருவகைத்து. கன்னட நாடு அவர் ஆட்சிக்குள் இருந்தது. சுவர்ணகிரியில் இருந்த அரசகுமாரர் வழியாகவே இசிலை என்னும் ஊரின் மஹாமாத்திரர்க்குப் பிரம்மகிரி ஆணை வந்தது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளோ அவர் எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே படை செல்லவில்லை. மனிதர்க்கும் விலங்கிற்கும் மருத்துவமும், மூலிகைகளும், வழிகளில் கிணறும் மரமும் சென்றன என்று அவர் சாசனம் கூறுகின்றது. கலிங்கத்திற்குப் பின் அண்டை நாட்டார்க்கு அவர் அளித்த செய்தி இது.

கி.மு. 232-ஐ ஒட்டி அசோகர் மறைந்தார். இறுதி நாட்களில் அமைச்சரும் பேரரும் அவர் கையிலிருந்த பொருளையெல்லாம் தடுத்துவிட, எஞ்சிய அரை நெல்லிக்கனியைச் சங்கத்திற்கு அனுப்பினார் என்பது மரபு. ஏறக்குறைய கி.மு. 185-இல் கடைசி மௌரிய மன்னராகிய பிருகத்ரதரைப் படைத்தலைவர் புஷ்யமித்திரர் கொன்றார். அவ்வரச மரபும் முடிந்தது. காலப்போக்கில் அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரும் இல்லாது போயினர். ஆட்டிடையர் அப்பாறைகளின் நிழலில் இளைப்பாறினர். அதில் இருப்பது என்ன என்று அறிந்தாரில்லை.

1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்தார். அதே ஆண்டில் பெங்களூரில் ஓர் ஆங்கிலப் பாதிரியார் வீட்டில் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பிறந்தார். மைசூர்த் தொல்பொருள் துறையின் தலைவராகி, 1892-இல் பிரம்மகிரி, சித்தாபுரம், ஜடிங்க ராமேசுவரம் ஆகிய மூன்றிடத்துச் சாசனங்களையும் உலகிற்கு அறிவித்தவர் அவரே. ஆயினும் அதுவரை கிடைத்த கற்களில் எல்லாம் தேவர்க்குப் பிரியமானவர், பிரியதரிசி என்னும் பட்டப் பெயர்களே காணப்பட்டன. இலங்கை நூல்களைக் கொண்டு இவரே அசோகர் என்று துணிந்தனரேயன்றி, கல்லில் அப்பெயர் கிடைத்திலது. 1915-இல் ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில், தங்கம் தேடிச் சென்ற பீடன் என்னும் பொறியாளர் ஒரு பாறையைக் கண்டார். அதில் அசோகர் என்னும் பெயரே இருந்தது. தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்த குடும்பத்தினர் நம்முள் பலர் உளர். தங்கம் தேடியவன் கையில் இப்பெயர் அகப்பட்டதை அவர்கள் தனி மகிழ்ச்சியுடன் கேட்பர்.

1980-களின் பிற்பகுதியில், பீமா நதிக்கரையில் உள்ள ஸன்னதி என்னும் ஊரில், காளி கோயில் ஒன்றின் மூலவருக்குப் பீடமாக வைக்கப்பட்டிருந்த கற்பலகையில் அசோகரின் எழுத்து வெளிப்பட்டது. சிலையை நிறுத்துவதற்காக நடுவே துளையிட்டிருந்தனர். கலிங்கத்து நீதிபதிகளுக்கு எழுதப்பட்ட அவ்விரு தனி ஆணைகளும் அப்பலகையில் உள்ளன. அதற்கு அண்மையில், கனகனஹள்ளி என்னுமிடத்தில், இடிந்து மண்மூடிக் கிடந்த பெரும் ஸ்தூபம் ஒன்றைத் தொல்பொருள் துறையினர் பின்னர் அகழ்ந்தெடுத்தனர். அதன் சிற்பப் பலகை ஒன்றில் அரசர் ஒருவர், அரசியும் பணிமகளிரும் சூழ நிற்கின்றார். அவர் யாவர் என்று ஐயுற வேண்டாதபடி, அரசர் அசோகர் என்று பிராமி எழுத்தில் அப்பலகையிலேயே பொறித்து வைத்துள்ளனர்.